வானரங்களுக்கும் நியாயம் சொன்ன ரமண மகான்!

எல்லைத் தகராறு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வயல் வரப்பை ஓரடி தள்ளி வெட்டிவிட்டதாகச் சண்டை... காம்பவுண்டு சுவர் யாருடைய இடத்தில் நிற்கிறது என்று வருடக்கணக்காக நடக்கும் கோர்ட்டு கேஸ்... பங்கு பிரித்த வீட்டின் முற்றத்துக்காக முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் - தம்பிகள்! நம்மில் பல குடும்பங்களில் இப்படி ஒரு கதை இருக்கத்தான் செய்கிறது.

மனிதர்களுக்கு மட்டும்தான் இந்தப் பாடு என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, திருவண்ணாமலையில் அக்னியே மலையாக உறைந்து நிற்கும் அந்தப் புனிதச் சரிவில், இரண்டு கூட்டத்தாருக்கு இடையே எல்லைச் சண்டை மூளுவது வழக்கம். சண்டைக்கு முன்னால் தூது போகும். சமாதானத்துக்கும் தூது வரும். அப்படியும் தீராவிட்டால், நியாயம் சொல்ல ஒருவர் இருந்தார்.

அவரிடம் தண்டாயுதம் இல்லை. தண்டனைச் சட்டமும் இல்லை. இடுப்பில் ஒரு கௌபீனம், கையில் ஒரு கமண்டலம். வழக்குக்கு வந்தவர்களோ... மலையில் வாழும் குரங்குகள்!

ஆம்! நினைத்தாலே முக்தி தரும் அந்தத் திருத்தலத்தில், வானரங்கள் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்ட அந்த நீதிபதி, பகவான் ஸ்ரீரமண மகரிஷி.

மனிதர்கள் வகுத்த எல்லைகளும் விலங்குகள் வகுத்த எல்லைகளும் அவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்பக் குறுக்கிட்டன. அவற்றை அவர் எப்படிக் கடந்தார் என்று தெரிந்துகொண்டால், குரங்குகள் ஏன் அவரை நம்பின என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள திருச்சுழியில், 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி, ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிய நள்ளிரவு நேரத்தில் பிறந்தார் ரமணர். பெற்றோர் சுந்தரமய்யர் - அழகம்மாள் தம்பதி. குழந்தைக்கு அவர்கள் இட்ட பெயர் வேங்கடராமன்.

சுந்தரமய்யர் அந்த ஊரில் வக்கீலாக இருந்தவர். சிறுவயதில் மாதம் இரண்டு ரூபாய் சம்பளத்தில் கணக்கெழுதத் தொடங்கி, பிறகு மனு எழுதிக் கொடுத்து, படிப்படியாக வழக்காடும் அனுமதி பெற்றவர். வழக்குக்காரர்கள் வந்து போகும் வீட்டில் வளர்ந்த பிள்ளைதான், பின்னாளில் வாயில்லா ஜீவன்களின் வழக்கைக் கேட்கப்போகிறது என்பதை அன்று யார் அறிவார்!

1892-ல் தந்தை காலமானார். வேங்கடராமனும் அண்ணன் நாகசாமியும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். படிப்பில் பெரிய நாட்டமில்லை, விளையாட்டில் கெட்டிக்காரர். அப்படிப்பட்ட பதினாறு வயதுப் பிள்ளையை 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள் திடீரென்று மரண பயம் ஆட்கொண்டது. அவர் அலறவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் கை கால்களை விறைத்துக் கிடந்து, சாவது எது, சாகாமல் மிஞ்சுவது எது என்று தமக்குள்ளேயே பார்த்தார். உடல்தான் சாகிறது, அறிகின்ற தான் சாவதில்லை என்று கண்டுகொண்டார். அந்த நொடியில் போன பயம் பிறகு திரும்பவே இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டை வைத்துவிட்டு, ஒரு கடிதம் எழுதிவிட்டுப் புறப்பட்டார். அந்தக் கடிதத்தில் ஓர் அதிசயம் உண்டு. முதலில் நான் என்று தொடங்கியவர், போகப் போகத் தன்னை இது என்று அஃறிணையாகக் குறிப்பிடுகிறார். முடிவில் கையெழுத்து இல்லை; வெறும் கோடுதான்! நான், எனது என்ற வேலியை அந்தப் பிள்ளை மதுரையிலேயே பிடுங்கிப் போட்டுவிட்டது.

செப்டம்பர் 1-ஆம் தேதி காலை, அருணாசலேஸ்வரர் சந்நிதியில் போய் நின்றார். வெளியே வந்ததும் தலையை மழித்துக்கொண்டார். மிச்சமிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்தார். வேட்டியைக் கிழித்து ஒரு கௌபீனம் மட்டும் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு 54 ஆண்டுகள் அவர் அந்த மலையை விட்டு அகலவே இல்லை.

உரிமை கேட்டு வந்த தாய்

ஆலயத்தில் ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், ஊருக்கு வெளியே குருமூர்த்தம் என்று இடம் மாறி மாறித் தவத்தில் ஆழ்ந்திருந்தார் பால யோகி. விஷமக்காரச் சிறுவர்கள் கல்லெறிந்தபோது, அவருக்குக் காவல் நின்றவர் சேஷாத்ரி சுவாமிகள்.

பிள்ளை இருக்கும் இடம் தெரிந்து, 1898-ஆம் ஆண்டு டிசம்பரில் அழகம்மாள் ஓடோடி வந்தார். அப்போது ரமணர் பவழக்குன்றில் இருந்தார். அழுக்கேறிய மேனியும் சடை பிடித்த முடியுமாக மகனைக் கண்ட தாயின் வயிறு எப்படிப் பற்றி எரிந்திருக்கும்! தினமும் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு குன்றேறி வந்து அழுதார், மன்றாடினார். மகன் வாய் திறக்கவில்லை. கடைசியில், அருகிலிருந்தவர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு தாளில் பதில் எழுதிக் கொடுத்தார். அவரவர் பிராரப்தப்படியே எல்லாம் நடக்கும், ஆகவே மௌனமாக இருப்பதே நல்லது என்பது அதன் சாரம்.

பெற்றவளுக்கு ஒரு உரிமை. அண்ணாமலையாருக்கு ஓர் உரிமை. இரண்டுக்கும் நடுவே நின்ற அந்த இளைஞர் யாரையும் குறை சொல்லவில்லை. தாய் கண்ணீரோடு திரும்பிப் போனார். ஆனால், கதை அங்கே முடியவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

குகைக்குக் கட்டணமா?

1899-ல் ரமணர் மலைமேல் உள்ள விரூபாட்ச குகைக்குக் குடியேறினார். 1916 வரை, சுமார் 17 ஆண்டுகள், அதுவே அவரது இல்லம். விரூபாட்ச தேவர் என்ற மகானின் சமாதி அமைந்த குகை அது. ஊரில் அவர் பெயரில் உள்ள மடத்துக்குச் சொந்தமானது.

கார்த்திகை தீபத் திருவிழாவின்போது குகைக்கு வருகிறவர்களிடம் மடத்துக்காரர்கள் சிறு கட்டணம் வசூலிப்பது வழக்கமாக இருந்தது. ரமணர் வந்த சமயத்தில் மடம் யாருக்கு என்று இரண்டு தரப்பினரிடையே வழக்கு நடந்ததால் வசூல் நின்றிருந்தது. தீர்ப்பு வந்தது. ஜெயித்தவர்கள் மீண்டும் வசூலைத் தொடங்கினார்கள். இப்போதோ கார்த்திகைக்கு மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் ஜனங்கள் வந்தார்கள். குகையைப் பார்க்க அல்ல. குகையில் இருப்பவரைப் பார்க்க!

ரமணர் என்ன செய்தார் தெரியுமா? சண்டை போடவில்லை. மடத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் கண்டிக்கவும் இல்லை. குகையை விட்டு வெளியே வந்து, எதிரே இருந்த சமதரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

வசூல்காரர் விட்டாரா? வசூல் செய்யும் இடத்தை வெளியே தள்ளி, மரத்தடியையும் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டார்! ரமணர் மறுபேச்சில்லாமல் எழுந்தார். கீழே இருந்த சத்குரு சுவாமி குகைக்குப் போனார். பிறகு அங்கிருந்து இன்னொரு குகைக்குப் போய்விட்டார்.

விரூபாட்ச குகைக்கு வந்துகொண்டிருந்த கூட்டம் அடியோடு நின்றது. கட்டணம் வாங்க ஆளில்லை. தங்களுக்கும் லாபமில்லை, சுவாமிக்கும் சிரமம் கொடுத்துவிட்டோம் என்று உணர்ந்த மடத்தார், அவரிடம் வந்து திரும்பி வரும்படி வேண்டிக்கொண்டார்கள். அவர் அங்கே இருக்கும்வரை கட்டணம் கேட்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகே ரமணர் திரும்பினார்.

இதை வெறும் ஒதுங்கிப் போகும் சுபாவம் என்று எண்ணிவிடாதீர்கள். ஏழையும் பணக்காரரும் கட்டணமில்லாமல் வந்து தரிசிக்க வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை இறங்கி வரவில்லை. தமக்கென்று ஓர் அடி இடத்தைக்கூட விரும்பாததால், அதைச் சொல்லும் பலம் அவருக்கு இருந்தது.

வானர ராஜ்ஜியங்கள்

இந்தக் குகை வாழ்க்கையில்தான் பகவானுக்கும் குரங்குகளுக்கும் இடையே அந்த அபூர்வ பந்தம் உண்டானது. மலையில் அவர்கள்தானே பழங்குடிகள்! நாம் கோயில் வாசலில் குரங்கைக் கண்டால் தேங்காய் மூடியை இழுத்துப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொள்கிறோம். ரமணரோ அவற்றை ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கவனித்தார். அவை எழுப்பும் ஒவ்வொரு குரலுக்கும் என்ன பொருள் என்று கற்றுக்கொண்டார்.

அவர் பிற்காலத்தில் அன்பர்களிடம் விவரித்ததைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒவ்வொரு குரங்குக் கூட்டத்துக்கும் ஒரு ராஜா உண்டு. ஒவ்வொரு ராஜாவுக்கும் இன்ன பகுதி என்று மலையில் எல்லை உண்டு. அதை இன்னொரு கூட்டம் மீறினால் யுத்தம்தான். ஆனால், யுத்தம் தொடங்கும் முன்பும், சமாதானம் செய்துகொள்ளும் முன்பும், ஒரு கூட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தூதன் போவான்! ராமாயணத்தில் அங்கதன் தூது போனது உங்களுக்கு நினைவுக்கு வருகிறதல்லவா?

கூட்டத்துக்குக் கூட்டம் நடமாடும் வட்டாரம் உண்டு என்பதை இன்று விலங்கியல் ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். நம் நாட்டுக் குரங்குகளில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுவதும் இருந்துவிடும். ஆண்கள்தான் வளர்ந்த பிறகு வேறு கூட்டம் தேடிப் போகும். பிறந்த வீட்டை விட்டுப் போகாத பெண்கள்... குரங்குகள் கொடுத்து வைத்தவைதான்!

இந்த ராஜ்ஜியங்களுக்கு நடுவே சச்சரவு வந்தால், தம்மை மத்தியஸ்தராக அவை ஏற்றுக்கொண்டன என்று பகவானே சொல்லியிருக்கிறார். சண்டையிட்டபடி அவரிடமே வந்துவிடுமாம். அவர் இரண்டு தரப்பையும் கையால் மெல்ல விலக்கி, ஆளுக்கொரு பக்கம் தள்ளிச் சாந்தப்படுத்துவார். அத்தோடு சண்டை நின்றுவிடும்.

கல்லெடுத்து விரட்டினால் இரண்டு கூட்டமும் ஓடியிருக்கும். ஆனால், மறுநாளும் சண்டை போட்டிருக்கும். ஒரு பக்கத்துக்குச் சோறு போட்டு, மறுபக்கத்தை விரட்டியிருந்தால், அவரும் சண்டையில் ஒரு கட்சி ஆகியிருப்பார். அவர் இரண்டையும் செய்யவில்லை. அந்த மலையில் தமக்கென்று எல்லை வகுத்துக்கொள்ளாதவர் அவர் ஒருவர்தான் என்பது அந்த ஜீவன்களுக்குத் தெரிந்திருந்தது!

நொண்டிப் பையன்

இப்போது ஒரு குட்டியின் கதையைக் கேளுங்கள்.

கூட்டத்தில் மூத்த குரங்கு ஒன்று கடித்துக் குதறிவிட, எழுந்து ஓட முடியாமல் தனித்து விடப்பட்டது ஒரு குட்டி. அது நொண்டி நொண்டி விரூபாட்ச குகையை அடைந்தது. பகவான் அதை எடுத்துக் காயத்துக்குச் சிகிச்சை செய்தார். நொண்டிப் பையன் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மனிதர்களின் கைபட்ட குரங்கைக் கூட்டம் திரும்பச் சேர்த்துக்கொள்ளாது, ஒதுக்கி வைத்துவிடும். தொட்டுக் காப்பாற்றினால் குட்டி பிழைக்கும். ஆனால், அதற்குச் சொந்தமும் பந்தமும் இல்லாமல் போகலாம். தொடாவிட்டால் உயிரே போகலாம். அடிபட்டதைக் கண்டு சும்மா இருக்க அந்தக் கருணைக் கடலால் முடியுமா? தொட்டார், வளர்த்தார்.

ஐந்து நாள் கழித்து அந்தக் கூட்டம் குகைப் பக்கம் வந்தது. குட்டி பகவானின் பராமரிப்பில் இருப்பதை அவை பார்த்தன. ஒதுக்கிவிட்டுப் போய்விடுமோ?

இல்லை. நொண்டிப் பையனைத் தங்களோடு அழைத்துக்கொண்டன! மனிதனின் கை பட்டால் தீட்டு என்ற தங்கள் குல வழக்கத்தை, அந்த ஒரு மனிதருக்காக அவை தளர்த்திக்கொண்டன. சட்டம் தெரிந்த நீதிபதிகள் உலகில் நிறைய உண்டு. ஆனால், எதிரே நிற்பவர் தாமாகவே சட்டத்தைத் தளர்த்தும்படி வாழ்ந்துகாட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

அதன் பிறகு அந்தக் கூட்டம் குகைக்கு வெளியே வந்து நின்று கிடைத்ததை வாங்கிக்கொள்ளும். நொண்டிப் பையன் மட்டும் உரிமையோடு நேரே பகவானின் மடியில் ஏறி உட்காருவான். அவன் சாப்பிடும் அழகே தனி! இலையில் வைத்த சோற்றில் ஒரு பருக்கை வெளியே சிந்தாது. தவறிச் சிந்தினாலும் அதைப் பொறுக்கித் தின்ற பிறகே மீதியைத் தொடுவான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்திதான்!

கோபமும் அவனுக்கு அதிகம். ஒருமுறை சூடான பாலை ஆற்றிக் கொடுக்க பகவான் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோய் ஊதினார். தன் பாலை அவர் குடிக்கிறார் என்று நினைத்தானோ என்னவோ, கண்ணருகே அடித்துவிட்டான். உடனே மடியில் ஏறிக் குழைந்தான். மன்னிப்புக் கிடைத்தது. இன்னொரு முறை சோற்றை வாரி இறைத்தான். பகவான் கடிந்துகொள்ளவே, மறுபடியும் அடி! இந்தத் தடவை தண்டனை உண்டு. சில நாட்கள் மடியில் ஏற அனுமதி இல்லை. கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான் பழைய இடம் கிடைத்தது. அன்பு செலுத்துவது வேறு, தவறுக்கு இடம் கொடுப்பது வேறு என்று பிள்ளை வளர்க்கும் நமக்குத் தெரியாதா என்ன!

கூட்டம் ஒதுக்கித் தள்ளிய அந்த நொண்டிப் பையன்தான் பிற்காலத்தில் தன் கூட்டத்துக்கே ராஜாவானான்.

நான்கு தழும்புகள்

மத்தியஸ்தம் என்றால் மாலை மரியாதை மட்டும் கிடைக்கும் என்று நினைக்கிறீர்களா? பகவானின் காலில் குரங்கு ராஜாக்கள் கடித்த நான்கு தழும்புகள் இருந்தன! அவற்றில் ஒன்றின் கதை உருக்கமானது.

அடங்காத இரண்டு ஆண் குரங்குகளைக் கூட்டத்தை விட்டே தள்ளி வைத்தார் ஒரு ராஜா. கூட்டம் அவருக்கு எதிராகத் திரும்பியது. ராஜா தனியே காட்டுக்குள் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து எதிர்த்தவர்களைச் சண்டைக்கு அழைத்தபோது, ஒருவருக்கும் எதிரே நிற்கத் துணிவில்லை. அந்தத் தனிமைத் தவம் அவருக்கு அத்தனை பலம் கொடுத்திருந்தது என்பார் பகவான்.

பின்னொரு நாள் அதிகாலை. ஆசிரமத்துக்கு அருகே ஒரு குரங்கு சாகக் கிடப்பதாகத் தகவல் வந்தது. பகவான் போய்ப் பார்த்தால், அதே ராஜா! தூக்கிவந்து தம்மேல் சாய்த்துக்கொண்டார். தள்ளி வைக்கப்பட்ட அந்த இரண்டு குரங்குகளும் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. பகவான் சற்றே அசைந்து உட்கார்ந்தபோது, மரண வேதனையில் இருந்த ராஜா அவர் காலைக் கடித்துவிட்டது. அவர் காலை உதறவில்லை. ராஜாவைக் கீழே விடவும் இல்லை. சிறிது நேரத்தில் ஒரு முனகலோடு உயிர் பிரிந்தது.

அப்போது நடந்ததுதான் அதிசயம். மரத்தில் இருந்த இரண்டு குரங்குகளும் குதித்துக் குதித்துக் கதறின! தங்களைத் துரத்திய ராஜாவுக்காகவே அழுதன. பகை எல்லாம் எத்தனை நாள் என்று அந்த வாயில்லா ஜீவன்கள் நமக்குச் சொல்லிவிட்டன.

அந்த ராஜாவுக்கு ஒரு சந்நியாசிக்குரிய மரியாதை செய்யப்பட்டது. பாலாலும் நீராலும் நீராட்டி, விபூதி பூசி, முகம் தெரியப் புதுத் துணி போர்த்தி, கற்பூரம் காட்டி, ஆசிரமத்துக்கு அருகிலேயே அடக்கம் செய்து கல்லும் நட்டார்கள்.

தம்மைக் கடித்த பற்களின் தழும்பை, ராஜாக்கள் அளித்த விருதாகவே பகவான் காட்டுவார். இரண்டு பேருக்கு நடுவே நிற்கிறவருக்குக் கடி விழத்தான் செய்யும். மாமியாருக்கும் கணவருக்கும் நடுவே, பிள்ளைக்கும் தகப்பனுக்கும் நடுவே, அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே நின்று நல்லது சொல்லப்போய், இரு பக்கமும் பேச்சு வாங்கியவர்கள் உங்களில் எத்தனை பேரோ! உங்களுக்கு இந்தத் தழும்பின் அருமை புரியும்.

சமையலறைக் கோடு

கண்ணீரோடு திரும்பிப் போன அழகம்மாள் 1916-ல் நிரந்தரமாக மகனிடமே வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு ரமணர் சற்று மேலே இருந்த ஸ்கந்தாசிரமத்துக்கு மாறினார். அதுவரை பிட்சையில் வந்ததை எல்லாரும் பகிர்ந்து உண்டார்கள். தாய் வந்த பிறகுதான் அங்கே அடுப்பு மூட்டப்பட்டது.

அழகம்மாள் மடி, ஆசாரம் பார்ப்பவர். யார் தொட்டது, யார் நிழல் பட்டது என்ற கவலை அவருக்கு ஓயாது. வெங்காயம் சேர்க்க மாட்டார். பகவான் அவரோடு சண்டை பிடித்ததில்லை. வெங்காயத்தைக் காட்டி, மோட்சத்துக்கு எத்தனை பெரிய தடை இது என்று வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார். கிண்டலிலேயே அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது.

அதே மலையில் புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் ஏழைப் பெண்கள் வருவார்கள். தாழ்த்தப்பட்டவர்கள் என்று சொல்லிப் பொதுக் குளத்தில் அவர்களைத் தண்ணீர் எடுக்க விடாத காலம் அது. உச்சி வெயிலில் தாகத்தோடு வரும் அவர்களுக்கு பகவானே தண்ணீர் வார்ப்பார். அவர்களுக்காகவே சுக்கு போட்ட கஞ்சியும் காய்ச்சி வைக்கப்பட்டது. குரங்குகளின் எல்லையை மதித்தவர், மனிதன் மனிதனுக்குப் போட்ட இந்த எல்லையை மட்டும் மதிக்கவில்லை.

1922-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி, மகனின் ஒரு கரம் நெஞ்சிலும் மறு கரம் சிரசிலும் இருக்க, அழகம்மாள் முக்தி அடைந்தார். பவழக்குன்றில் பிள்ளையைக் கேட்டு அழுத தாய், பிள்ளையின் கையாலேயே கரையேறினார். மலையடிவாரத்தில் அமைந்த அவரது சமாதியைச் சுற்றித்தான் ஸ்ரீரமணாசிரமம் வளர்ந்தது. 1949-ல் கும்பாபிஷேகம் கண்ட மாத்ருபூதேஸ்வரர் ஆலயம், அந்தத் தாயின் சமாதிமேல் எழுந்ததே.

1924-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி இரவு, அந்த எளிய ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று பகவான் சொல்லியும், அவரது தொடையில் அடித்தார்கள். அன்பர் ஒருவர் இரும்புக் கம்பியோடு பாய்ந்தபோது பகவான் தடுத்துவிட்டார். அவர்கள் தங்கள் வழியில் போகட்டும், நாம் சாதுக்கள், நம் தர்மத்தை நாம் விடக் கூடாது என்பதே அவர் சொன்னதன் கருத்து.

மலை யாருக்குச் சொந்தம்?

கடைசியாக, மனிதர்களின் பெரிய எல்லை வழக்கு ஒன்றும் அவரைத் தேடி வந்தது. அண்ணாமலை யாருக்குச் சொந்தம், கோயிலுக்கா அரசாங்கத்துக்கா என்று வழக்கு நடந்தது. கோயில் தரப்பில் பகவானைச் சாட்சியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். கமிஷன் மூலம் 1938-ல் அவரது வாக்குமூலம் பதிவானது.

சர்வே எண்ணையும் பத்திரத்தையும் பேசும் வழக்கில், அந்த வக்கீலின் பிள்ளை என்ன சொல்லியிருப்பார்? சிவம் எப்போதும் மூன்று வடிவில் இருக்கிறது. பரப்பிரம்மமாக, லிங்கமாக, சித்தராக. ஜோதியாய்த் தோன்றிய ஈசன், வேண்டுதலுக்கு இரங்கி இந்த மலையாகவும் லிங்கமாகவும் ஆனார். இரண்டும் சிவமே. இதுதான் அவர் சாட்சியத்தின் சாரம். மலையில் உள்ள முலைப்பால் தீர்த்தம், பாத தீர்த்தம் ஆகியவை பற்றியும் எடுத்துச் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். மலையே சுவாமி என்றால், அதன் எல்லைக் கல்லை எங்கே நடுவது? சுவாமி யாருக்குச் சொந்தம் என்று எந்தப் பத்திரத்தில் எழுதுவது? நாம்தான் அவருக்குச் சொந்தம்!

1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு 8.47 மணிக்கு பகவான் மகா நிர்வாணம் அடைந்தார். அந்த நேரத்தில் வானில் ஒரு பேரொளி மெல்ல நகர்ந்து அருணாசலத்தின் பக்கம் மறைந்ததைக் கண்டதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் செல்லும்போது...

அடுத்த முறை கிரிவலத்துக்குச் செல்லும்போது, 14 கிலோமீட்டர் சுற்றி முடித்ததோடு திரும்பிவிடாதீர்கள். செங்கம் சாலையில், பெரிய கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீரமணாசிரமம் உள்ளது. மாத்ருபூதேஸ்வரர் சந்நிதியையும் பகவானின் சமாதியையும் தரிசியுங்கள். பசு லட்சுமி, மான் வள்ளி, நாய் ஜாக்கி ஆகியோரின் சமாதிகளும் அங்கே இருக்கின்றன. அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் ஸ்கந்தாசிரமம். அதைத் தாண்டி இறங்கினால் விரூபாட்ச குகை. காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. குடிக்கத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பைகளை மட்டும் மலையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வழியில் குரங்குகள் எதிர்ப்படும். அது அவர்களுடைய ராஜ்ஜியம். விருந்தாளியாக வந்திருப்பது நாம்தான். கல்லெடுக்காமல், கத்தாமல், ஒதுங்கி வழிவிட்டுப் போங்கள். குகைக்குள் கண்மூடிச் சற்று நேரம் அமர்ந்தால், அருணாசல ரமணரின் அருள் எல்லைகள் ஏதுமின்றி உங்கள் மேலும் பொழியும்!